சிரிக்காத போட்டோ

வெயில் கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில் மேற்கு டெக்சஸ் பாலைவனத்துக்கு உல்லாசப் பயணம் போன முட்டாள் நான்தான். வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், இதிலாவது முந்திக்கொள்வோமே. அந்த மாதத்தில் கேரவன் ஏன் அவ்வளவு சுலபமாக வாடகைக்குக் கிடைக்கிறது என்று எனக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா போன பிறகு அப்பாவைச் சென்னையில் தனியாக விட மனமில்லாமல் ஹூஸ்டனுக்கு அழைத்து வந்திருந்தேன். இங்கேயே எங்களோடு இருந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. "கிரீன் கார்டுக்கு அப்ளை பண்றேன்ப்பா, சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்பார். பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வார். எங்கள் தெருவில் பார்க்க ஒன்றுமே கிடையாது. குப்பை வண்டி வரும் நாள்தான் அவருக்குத் திருவிழா. விசா கெடு முடியச் சில வாரங்களே இருந்தன. அதற்குள் அவரைச் சரி என்று சொல்லவைக்க நான் கண்டுபிடித்த வழிதான் இந்தப் பயணம்.

கேரவன் என்றால் நம் ஊரில் நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரிதான். கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஏசி எல்லாம் உண்டு. வாடகைக்கு விட்டவர் ஜெனரேட்டரை எப்படி இயக்குவது என்று பொறுமையாக விளக்கினார். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததால் காதில் ஒன்றையும் வாங்கவில்லை. ஹில்கிராஃப்ட் பக்கத்து இந்தியக் கடைகளில் அரிசி, அப்பளம், ஊறுகாய் வாங்கி நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். அப்பா, மனைவி, நான்.

இரண்டாம் நாள் மதியம். கடைசி பெட்ரோல் பங்க் எப்போதோ பின்னால் போய்விட்டது. போனில் சிக்னலும் போயிருந்தது. தூரத்தில் ஒரு செம்மலை தெரிந்தது. குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு இதைவிட நல்ல போட்டோ அமையாது என்று தோன்றியது. ஆனால் ரோடு தெரியக் கூடாது. வண்டியை ரோட்டிலிருந்து மணலுக்குள் இறக்கினேன்.

"ரோட்டை விட்டு எறங்காதீங்க," என்றாள் மனைவி.

"இது கேரவன்மா. காடு மேடெல்லாம் போகும்."

"காட்டுக்குப் போகும். திரும்பி வருமா?"

அப்பாவை வாசற்படியில் நிறுத்தினேன். "கொஞ்சம் சிரிங்கப்பா."

"எதுக்கு?"

"சித்தப்பா குரூப்ல பார்ப்பாரு. அண்ணன் ராஜா மாதிரி இருக்காருன்னு நெனைக்கணும்ல."

அவர் சிரிக்கவில்லை. அப்படியே எடுத்தேன்.

அம்மா இருந்தவரை அப்பாவுக்கு மதியம் சூடான சோறு தவறியதில்லை. இந்தப் பொட்டல் வெளியிலும் அதைக் கொடுத்து அசத்திவிட வேண்டும் என்று, ஏசி ஓடும்போதே ரைஸ் குக்கரைப் போட்டேன். ரசத்தைச் சுடவைக்க மைக்ரோவேவையும் தட்டினேன். டக்கென்று எல்லாம் அடங்கியது. பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. வீடியோவைத் தேடி எடுத்துப் பார்த்தால், திரை முழுக்க என் முகம். கேமரா என் பக்கம் திரும்பி இருந்திருக்கிறது. நான் மும்முரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் சொன்ன ஒரு வார்த்தையும் அதில் தெளிவாக இல்லை.

சரி, கிளம்பிவிடலாம் என்று வண்டியை எடுத்தேன். பின்சக்கரங்கள் மணலில் சுழன்றன. ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினேன், இன்னும் இறங்கின. விடாமல் முயன்றதில் எஞ்சின் கொதித்து, முன்னால் ஆவி கிளம்பியது.

வண்டிக்குள் இருக்க முடியவில்லை. வெளியே, வண்டியின் நிழலில் பாய் விரித்து அப்பாவைப் படுக்கவைத்தோம். ஈரத்துண்டு போர்த்திய மறு நிமிடமே காய்ந்துவிட்டது. அவருக்கு வியர்ப்பது நின்றிருந்தது. அது நல்லது என்று நினைத்த அறிவாளியும் நான்தான்.

"மாமா, தண்ணி குடிங்க மாமா," என்று மனைவி அவர் தலையைத் தூக்கிப் பிடித்தாள்.

அப்பா அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "சத்தம் போடாதம்மா. அத்தை இப்பதான் கண்ணசந்தா."

மனைவி என்னைப் பார்த்தாள். எந்தச் சாவு வீட்டிலும் எனக்கு ஒரு ஜோக் தயாராக இருக்கும். அன்று எழுந்துபோய் அப்பாவின் பெட்டியைத்தான் திறந்தேன்.

அப்பாவின் வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். போரில் சரணடைந்தவன் மாதிரி அதை ஆட்டிக்கொண்டு நின்றேன். ரோடு இரண்டு பக்கமும் காலியாகவே இருந்தது. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் மனைவி துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கக் கூடாதே என்பதுதான் என் ஒரே பிரார்த்தனை. கடைசியில் ஒரு பிக்கப் டிரக் வந்தது. ஓட்டியவர் கேள்வியே கேட்கவில்லை. அப்பாவைத் தூக்கினோம்; கால் பக்கம் நான், தோள் பக்கம் அவர். அப்பா இவ்வளவு இளைத்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை மாதம் என் வீட்டில்தான் இருந்தார்.

பக்கத்து ஊர் என்பதே வெகுதூரம். அங்கே இருந்த சின்ன மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் அப்பாவுக்கு நினைவு தெளிந்தது. என் பெயரைச் சரியாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் என் வாய் பழைய புத்திக்குத் திரும்பிவிட்டது.

"ஏசி எப்படிப்பா? நான் ஏற்பாடு பண்ணதுலயே இதுதான் ஒழுங்கா ஓடுது."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா, சொட்டுச் சொட்டாக இறங்கும் டிரிப்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே எங்கயும் கூட்டிட்டுப் போகமாட்டேன்ப்பா. வீட்லயே இருக்கலாம். நாளைக்கே அப்ளை பண்ணிடட்டுமா?"

"ஊருக்கு டிக்கெட் போடு."