கயிற்றில் இறங்குகிறவன் யார்

வேதாகமத்தில் சுரங்கத்தைப் பற்றி ஓர் அதிகாரம் உண்டு. எங்கள் தங்கவயல் வீடுகளில் அந்தப் பக்கம்தான் முதலில் கிழியும். அதில் ஆட்கள் கயிற்றில் தொங்கி, வெளிச்சம் எட்டாத ஆழத்துக்கு இறங்குவார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தன் கணவரின் நினைவு ஜெபத்தில் அதைப் பற்றியே பேசச் சொன்னார். எங்கள் ஊர் மைசூர் மைன்ஸ் சுரங்கத்தில் பாறை வெடித்து அவர் இறந்தபோது மகள் வயிற்றில். இப்போது அவளுக்குப் பெங்களூரில் வேலை. ஜெபத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை.

"போன்ல பதிவு பண்ணி அனுப்பறேன் தம்பி. அவங்கப்பா இன்னா மாதிரி ஆளுன்னு அவ கேக்கட்டும்."

நான் ஆதிச் சபைப் பிதாக்களை, அந்தக் காலத்து வேத வியாக்கியானக்காரர்களை, படித்துக்கொண்டிருந்த காலம். அவர்களில் இரண்டு கட்சி. அலெக்சாந்திரியாக்காரர்களுக்கு, வேதத்தில் கழுதை வந்தால் அது வெறும் கழுதை இல்லை. ஆத்துமாவைப் பற்றிய ஏதோ ஒன்று. அந்தியோகியாக்காரர்கள், முதலில் கழுதையைக் கழுதையாகப் பார், மற்றது பிறகு என்றார்கள். நான் கவிதை எழுதுகிறவன். எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

பேசினேன். சுரங்கம் என்பது பாவம். இருள் என்பது அறியாமை. கயிற்றில் இறங்குகிறவன் கடவுளை விட்டு விலகிப் போகிற மனிதன். வாக்கியங்கள் அழகாக வந்து விழுந்தன. பத்தாவது நிமிடம் அக்கா எழுந்தார்.

"அப்ப எங்க வூட்டுக்காரரு பாவத்துலயா எறங்கனாரு? ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கில்ல எறங்கனாரு?"

பின்வரிசையிலிருந்து அவர் கணவருடைய பழைய சுரங்கக் கூட்டாளி கேட்டார்: "ஓவர்டைம் பாத்தவனுக்கு டபுள் பாவமா சார்?"

பிதாக்களின் பிரசங்கத்திலும் ஜனங்கள் குறுக்கே கத்துவார்களாம். அங்கே பெரும்பாலும் பாராட்டு.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "அண்ணன் உள்ள இன்னா வேலை செஞ்சாரு, நீங்களே சொல்லுங்கக்கா."

"மேல பாறை உழாம மரம் முட்டுக் குடுக்கற வேலை. மத்தவங்க போறதுக்கு முன்னாடி இவரு போவணும்."

கூட்டாளி எழுந்து நின்றார். "அவன் மரம் வெச்ச எடத்துல குந்திதான் சோறு துண்ணுவேன். ஒரு நாளும் தலைய தூக்கி மேல பாத்ததில்ல."

அதற்கு நான் என்ன வியாக்கியானம் சொல்வது? ஆமென் என்றேன். பிரியாணி வந்தது.

பிதாக்கள் பேசியதைச் சுருக்கெழுத்துக்காரர்கள் எழுதிவைத்தார்கள், இன்றும் நிற்கிறது. என் பிரசங்கத்தின் கதி அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. அக்கா போனை நீட்டினார்.

"மொதல் பத்து நிமிஷத்த வெட்டிக் குடு தம்பி. அப்பறம் அவளுக்கு அனுப்பலாம்."

வெட்டிக் கொடுத்தேன். மிச்சத்தில் என் குரல் ஒரு கேள்வியும் ஓர் ஆமெனும்.