ஒரு நண்பர் கேட்கிறார்

எங்கள் கல்லூரி நூலகர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் தன் கஷ்டத்தைத் தன் கஷ்டம் என்று சொல்வதில்லை. "ஒரு நண்பர் கேட்கிறார்" என்றுதான் ஆரம்பிப்போம். எல்லாரும் சேலம், நாமக்கல் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் வேலை பார்க்கிறவர்கள். எதை எழுதினாலும் யார் மூலமாவது நிர்வாகத்தின் காதுக்குப் போய்விடும். பார்கோடு மெஷின் படுத்துக்கொண்டால்கூட அது நண்பருடைய மெஷின்தான். கேட்ட சூட்டோடு நாலு பேர் வழி சொல்லிவிடுவார்கள். அந்த நண்பர் யார் என்று கேட்கிற நாகரிகமில்லாதவர் எங்களில் இல்லை.

போன வருஷம் நான் நிஜமாகவே ஒரு தோழிக்காகக் கேட்டுத் தொலைத்தேன்.

என்னோடு படித்தவள். வேறொரு கல்லூரியில் புதிதாக நூலகராகச் சேர்ந்திருந்தாள். ஊர் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வரப்போகிற நேரம். கரையான் அரித்து எப்போதோ தூக்கி எறிந்த புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் இருப்பதாக எழுதி, அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

"போடலீன்னா நாளைக்கே ஊட்டுக்குப் போகச் சொல்லிருவாங்கடி," என்று போனில் அழுதாள். அவள் எங்கள் குழுவில் இல்லை. அதனால் நான் கேட்டேன்.

போடவே கூடாது, உத்தரவை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள் என்று பதில்கள் வந்து விழுந்தன. அவளும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு, என்ன ஆகுமோ என்று உட்கார்ந்திருந்தாள். அதற்குள் எனக்குப் போன் வர ஆரம்பித்தது.

"பயப்படாதீங்க மேடம்," என்றார் ராசிபுரத்து நூலகர்.

"எனக்கில்லீங்க. நெசமாவே ஒரு ஃப்ரெண்டுக்குங்க."

"ஆமாங்க, ஆமாங்க. ஃப்ரெண்டுக்குத்தானுங்க."

அந்தப் பரிவைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆத்தூர்க்காரர் ஒரு படி மேலே போய், வேறு வேலைக்கு பயோடேட்டா அனுப்பச் சொன்னார்.

மறுநாள் எங்கள் முதல்வர் கூப்பிட்டார். எங்களுக்கும் ஆய்வு வரவிருந்தது.

"ஏனுங்க, நம்ம காலேஜ்ல உங்களை யாருங்க கையெழுத்துப் போடச் சொன்னது?"

அவள் பெயரைச் சொன்னால் நான் தப்பித்தேன். ஆனால் இரண்டு நிர்வாகமும் சம்பந்தி வீடு, சாயங்காலத்துக்குள் அவள் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் என் வேலை.

"ஒரு ஃப்ரெண்டுக்குங்க சார். பேரு மட்டும் கேக்காதீங்க."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். வந்து உட்கார்ந்தவர் மேஜையைப் பார்த்தபடி பேசினார்.

"எனக்கும் ஒரு ஃப்ரெண்டு இருக்காருங்க. பிரின்சிபால். வேலைக்கே வராத வாத்தியாருங்க பேரையெல்லாம் எழுதி, அல்லாரும் பாடம் நடத்தறாங்கன்னு அவரைக் கையெழுத்துப் போடச் சொல்றாங்களாம். ரிட்டையர் ஆகற நேரம் பாருங்க, தலையே சுத்துதாம். அதையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

அவர் முன்னாலேயே குழுவில் எழுதினேன். ராசிபுரத்துக்காரரின் பதில் உடனே வந்தது. போனை முதல்வரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பதிலைப் படித்தார்.

"அவரையும் போட வேண்டாம்னு சொல்லுங்க மேடம். தனியாக் கெடக்கறோம்னு நெனைக்க வேண்டாம்னும் சொல்லுங்க."

வெகுநேரம் அவர் போனைத் திருப்பித் தரவில்லை.

"சரிங்க," என்றார் கடைசியில். "அவருகிட்டச் சொல்லிடறேனுங்க."