பதினேழு மீனும் ஒரு காபி டப்பாவும்

மார்லீன் கோசார் மீன் தின்ன மாட்டாள். ஈரி ஏரியில் வாடகைப் படகு ஓட்டி, கோடை முழுக்க வெளியூர்க்காரர்களின் தூண்டிலுக்கு மீன் காட்டிக் கொடுப்பவள். ஆனால் அவளுடைய மதிய உணவு எப்போதும் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே வைத்த இறைச்சியும் கடுகு விழுதும்தான். ஏன் என்று யாராவது கேட்டால், "அது உள்ள என்ன இருக்குன்னு தெனமும் பாக்கறேன்ல" என்பாள்.

அருவருப்பு அவளோடு கூடவே பிறந்தது என்று நினைக்கிறேன். ஜூன் மாதத்தில் ஏரித் தண்ணீரிலிருந்து ஈசல் மாதிரி ஒரு பூச்சி கூட்டமாகக் கிளம்பும்; நாங்கள் ஈசல் என்றே சொல்வோம். விடிந்து பார்த்தால் படகு, துறை, விளக்குக் கம்பம் எல்லாம் செத்த ஈசல் மூடிக் கிடக்கும். வெயில் ஏறினால் அழுகிய மீன் நாற்றம். மற்ற படகுக்காரர்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மார்லீன் மண்வாரியால் அள்ளி, கீறல்களில் ஒட்டியதைப் பல்துலக்கும் பிரஷால் சுரண்டி எடுப்பாள். முகம் சுளித்துக்கொண்டே செய்வாள். ஆனால் விட மாட்டாள். அருவருப்பு சிலரை விலகி நிற்க வைக்கும். அவளை அது கிட்டே போக வைத்தது. பயணிகள் வாந்தி எடுத்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். எடுத்துவிட்டு, கழுவாமல், சிரித்தபடி அடுத்த பீரைத் திறப்பவனைத்தான் அவளால் பார்க்க முடியாது.

அவளுடைய படகில் கயிறும் தூண்டிலும் பார்க்கும் ஆள் நான். படகுக்கு வருமுன் அவள் கண்ணாடித் தொழிற்சாலையில் மாலை ஷிப்டில் இருந்தவள். ஆலையை மூடியதும் இந்தப் படகை வாங்கி, அதற்கு 'இரண்டாம் ஷிப்ட்' என்று பெயர் எழுதினாள். புருஷன் ஃபுளோரிடாவுக்குப் போனவன் திரும்பவில்லை. அதைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒரு தடவை: "பழைய இஞ்சினும் அவனும் ஒரே வருஷம் நின்னு போனாங்க. இஞ்சினை மட்டும் மாத்தினேன்."

அவளை நல்லவள் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அந்தச் சொல்லை யாருக்கும் சுலபமாகக் கொடுக்க முடிவதில்லை. சொன்ன சொல் தவறாதவள் என்று மட்டும் சொல்லலாம் என்றிருந்தேன். ஹார்லன் டெஸ்கியின் பிள்ளைகள் வந்த ஜூலை வரை.

ஹார்லன் ஒவ்வொரு கோடையும் எங்கள் படகில் வருவார். பெரிய மனிதர் ஒன்றும் இல்லை. கஞ்சன், பிடிவாதக்காரர், கடிக்காத நாளில் மீனைத் திட்டுவார். ஆனால் தான் பிடித்த மீனின் ரத்தத்தைத் தானே கழுவிவிட்டுத்தான் உட்காருவார். மார்லீன் மதித்த பயணி அவர் ஒருவர்தான். அவர் இறந்த பிறகு, எரித்த சாம்பலோடு மூன்று பிள்ளைகளும் வந்தார்கள்: மூத்தவன் கர்ட், அடுத்தவன் கிளென், கடைசிப் பெண் ஜோய்ஸ். சாம்பல் ஒரு காபி டப்பாவில் இருந்தது. அவர் அதே கம்பெனிக் காபியைத்தான் குடித்தாராம். ஜோய்ஸ் அதை மடியில் வைத்திருந்தாள். பையன்கள் பீர்ப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள்.

துறையை விட்டுக் கிளம்புமுன் ஜோய்ஸ் மார்லீனிடம் வந்தாள்.

"கேப்டன், ஒரே ஒரு விஷயம். அப்பாவைத் தண்ணியில விடறப்போ இஞ்சினை நிறுத்தணும். கொஞ்ச நேரம் போதும். சத்தமே இல்லாம இருக்கணும்."

"நிறுத்தறேன்மா. தீவைத் தாண்டினதும் நிறுத்தறேன். என் வார்த்தை."

"முதல்ல லிமிட், அப்புறம் அப்பா," என்றான் கர்ட். ஆளுக்கு ஆறு மீன், அதுதான் சட்டம் விடும் அளவு. மூன்று பேருக்குப் பதினெட்டு. "அவரே இருந்தா அப்பிடித்தான் சொல்லியிருப்பாரு."

"அவரு முதல்ல பீரும்பாரு," என்றான் கிளென்.

தீவைத் தாண்டி நூல்களை விரித்தேன். எங்கள் வேலை இழுவை. படகு நடக்கிற வேகத்தில் போகும். பின்னால் எட்டு நூல்; இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஒவ்வொன்றையும் ஒரு சிறு மிதவைப் பலகை படகைவிட்டு விலக்கி இழுத்துக்கொண்டு போகும். நூல் முனையில் ஈயக்குண்டு, சுழலும் தகடு, மண்புழு. பலகை பின்னுக்கு இழுபட்டால் மீன். இதில் படகை நிறுத்த முடியாது. நின்றால் பலகைகள் தளர்ந்து ஒன்றின்மேல் ஒன்று சாயும், ஈயம் அடியில் போகும், எட்டு நூலும் சடைபோல் பின்னிக்கொள்ளும். நிறுத்த வேண்டுமானால் எல்லாவற்றையும் சுருட்டி ஏற்ற வேண்டும். மறுபடி விரிப்பதற்குள் மீன் கூட்டம் போய்விடும். அதனால் மீன் கடிக்கும்போது நிறுத்துவது என்பது எங்கள் துறையில் ஒருவர் மனதிலும் வராத யோசனை.

அன்று பார்த்து மீன் கடித்தது. அப்படி ஒரு கடி அந்தக் கோடையில் இல்லை. ஒரு பலகை பின்வாங்கும். அதைச் சுருட்டுவதற்குள் இன்னொன்று. தங்க நிற விலாவும் கண்ணாடிக் கண்ணுமாக மீன்கள் வந்து விழுந்தன. தளம் வழவழத்தது. ஏரி மேல் பச்சைப் பாசி பெயிண்ட் கொட்டியதுபோல் படிந்திருந்தது. நூலோடு அதுவும் வந்தது. ரேடியோவில் அடுத்த படகுக்காரன் லோவெல் கேட்டான்.

"மார்லீன், எந்த ஆழத்துல ஓட்டறே?"

"சொல்ல மாட்டேன். பின்னாலயே வா, வாசனை கெடைக்கும்."

அவள் சிரிப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்போது சிரித்தாள்.

ஜோய்ஸ் படகைத் திருப்பும் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "கேப்டன், தீவு தாண்டிடுச்சு," என்றாள்.

"தாண்டிடுச்சும்மா. இந்த ஓட்டம் முடியட்டும்."

அந்த ஓட்டம் முடிந்தது. மார்லீன் படகைத் திருப்பி, மேலே போய், காற்றோடு மறுபடி இறங்கினாள். ஜோய்ஸ் மறுபடி கேட்டாள். மார்லீன் மறுபடி அதையே சொன்னாள். இந்தத் தடவை ஜோய்ஸின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை; பலகைகளைப் பார்த்துச் சொன்னாள். நானும் பலகைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதன் தன் ஆசைக்கு அடிமை என்று படித்திருக்கிறேன். ஆசைகூட அல்ல அது, வெறும் கை. கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது. மனம் பிறகு வந்து காரணம் சொல்கிறது.

காற்று ஏறத் தொடங்கியது. அலை நுரைத்தது. பெட்டியில் பதினேழு மீன்.

"இன்னும் ஒண்ணு," என்றான் கர்ட்.

"கர்ட், காத்தைப் பாரு. இனிமே எப்ப நிறுத்தறது? அப்பாவை வீட்டுக்கே கொண்டுபோகப் போறியா?"

"ஒரே ஒரு மீன், ஜோய்ஸ். அவருக்கும் லிமிட் ஆகட்டுமே."

"அவருக்கு என்ன லிமிட்டு? அவரு டப்பாக்குள்ள இருக்காரு."

கிளென் எழுந்தான். அதற்குள் பாதிப் பெட்டி பீர் அவனுக்குள் இருந்தது. "நச்சரிக்காதே. இப்பவே முடிச்சிடறேன்," என்று அவள் மடியிலிருந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு படகின் பின்பக்கம் போனான். படகுக்கு வருபவர்கள் எல்லோரும் அங்கேதான் போவார்கள். தூண்டில் அங்கே இருக்கிறது, மீன் அங்கிருந்து வருகிறது. அதனால் ஏரி என்றாலே படகின் பின்பக்கம் என்று நினைப்பு. காற்றோடு ஓட்டும்போது காற்று பின்னாலிருந்துதான் அடிக்கும் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. "வேண்டாம்," என்று நான் சொல்லி முடிக்குமுன் மூடியைத் திறந்து கவிழ்த்துவிட்டான்.

சாம்பல் ஏரிக்குப் போகவில்லை. எழும்பி, ஒரு கணம் நின்று, எங்கள் மேல் வந்தது. கிளெனின் வாயில், கர்டின் தொப்பியில், திறந்திருந்த மீன்பெட்டியில், ஐஸில், ஈரத் தளத்தில். மீன் சளியில் விழுந்தது அங்கேயே கூழானது. சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரித்து வைத்திருந்த மார்லீனின் ரொட்டிமேலும் விழுந்தது. பொடி மட்டும் இல்லை. சிறு சிறு துண்டுகளும் இருந்தன.

கிளென் துப்பினான். "தூ," என்றான். பிறகு தான் துப்பியது எதை என்று புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்போது இடது பக்கத்துக் கடைசிப் பலகை பின்னுக்கு இழுபட்டது.

"மீன்," என்றான் கர்ட். அவன் கை தூண்டிலுக்குப் போய்விட்டது. புருவத்தில் சாம்பல், விரலிடுக்கில் சாம்பல். அவன் சுருட்டத் தொடங்கினான்.

மார்லீன் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினாள்.

சத்தம் போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. எட்டுப் பலகைகளும் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. நூல்கள் தளர்ந்து, குறுக்கே போய், பச்சைத் தண்ணீருக்குள் இறங்கின.

"என்ன பண்றீங்க? நூலெல்லாம் போச்சு," என்றான் கர்ட்.

"போகட்டும். உக்காரு."

"மீன் இருக்கு அதுல."

"உக்காருன்னு சொன்னேன்."

அவன் உட்கார்ந்தான். மார்லீன் தன் ரொட்டியை எடுத்தாள். அவள் படகிலிருந்து ஒரு காகிதம்கூட ஏரிக்குள் போகக் கூடாது. அது அவளுடைய சட்டம். அந்த ரொட்டியைக் குப்பைப் பையில் போட அவளுக்குக் கை வரவில்லை. பக்கவாட்டில் குனிந்து தண்ணீரில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள்.

ஜோய்ஸ் கிளெனிடமிருந்து டப்பாவை வாங்கி உள்ளே பார்த்தாள். அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. காற்றுக்கு மறைவான பக்கம் போய், பாசியைக் கையால் விலக்கித் தண்ணீர் மொண்டு, டப்பாவை மெல்ல அலசி ஊற்றினாள். மூன்று தடவை. பிறகு வாளியை எடுத்துத் தளத்தைக் கழுவ ஆரம்பித்தாள். மார்லீனும் முட்டி போட்டு உட்கார்ந்து அந்தப் பிரஷை எடுத்தாள். மீன் ரத்தம், சளி, பீர், ஹார்லன் எல்லாம் ஒன்றாகத் தளத்தின் ஓட்டை வழியே ஏரிக்குள் போயின. பார்க்கச் சகிக்கவில்லை. அதைவிடச் சுத்தமான காரியம் எதுவும் அன்று அந்தப் படகில் நடக்கவும் இல்லை.

"மொத தடவை கேட்டப்பவே நிறுத்தியிருக்கணும்," என்றாள் மார்லீன், தலை நிமிராமல்.

"உங்களுக்கும் மீன் கடிச்சுதே," என்றாள் ஜோய்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தேய்த்துக்கொண்டிருந்த மார்லீனின் கை நின்றுவிட்டது.

பிறகு நூல்களை இழுத்தோம். கைநிறையச் சிக்கல், பாசி, சிப்பிக் கொத்து. அதன் நடுவில் அந்தக் கடைசி மீன், உயிரோடு. கர்ட் எட்டிப் பார்த்தான். "பதினெட்டு," என்றான், மெதுவாக, ஆனால் சொன்னான். ஜோய்ஸ் என் கையிலிருந்து மீனை வாங்கி, முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் பிடித்து, அது வாலை அசைத்ததும் விட்டாள். கர்ட் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துறையில் மீன் வெட்டும் கொட்டகையில் ஹோமர் இருந்தான். கர்ட் பெட்டியை மேசையில் கவிழ்த்தான். ஹோமர் ஒரு மீனைப் புரட்டினான்.

"என்ன இது, சாம்பலாட்டம்?"

"பாசி," என்றான் கர்ட். "கழுவினா போயிடும்."

"அவங்க அப்பா," என்றாள் மார்லீன்.

ஹோமர் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கத்தியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, மீன்களைத் திரும்பப் பெட்டிக்குள் தள்ளினான். "நீங்களே வெட்டிக்குங்க, தம்பி. எனக்கு இன்னிக்கு முடியாது."

அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தின்றார்களா என்று எனக்குத் தெரியாது. தின்றிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஜோய்ஸ் காலி டப்பாவோடு தன் காரில் தனியாகப் போனாள், எங்களிடம் விடைபெறவில்லை.

பிற்பகல் முழுக்க நானும் மார்லீனும் சிக்கலை வெட்டிக்கொண்டிருந்தோம். எட்டு நூலில் ஒன்றுகூடத் தேறவில்லை. லோவெல் தன் படகைக் கட்டிவிட்டு வந்து நின்றான். திரும்பி வந்த படகைப் பார்த்து எங்கள் துறையில் எல்லோரும் கேட்பதைத்தான் அவனும் கேட்டான்.

"லிமிட்டா?"

"ஒண்ணு குறையுது. நிறுத்திட்டேன்."

"அப்பிடிக் கடிச்ச நாள்லயா? ஏன், இஞ்சின் கெட்டுப் போச்சா?"

"இஞ்சின் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மார்லீன். "நான்தான் லேட்டா நிறுத்தினேன்."

லோவெலுக்கு அது விளங்கவில்லை. அவள் பிரஷை எடுத்து, தூண்டில் செருகும் குழாயின் உள்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.