வேர்க்கடலைக் கொல்லையில் கௌபாய் பூட்ஸ்

சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, கெண்டைக்கால் முழுக்க மூடும் பழுப்பு நிற கௌபாய் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அத்தை வேர்க்கடலைக் கொல்லைக்குள் இறங்கிய காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தோலின் மேல் வெள்ளை நூலில் பூவும் கொடியும் ஓடின. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தையின் ஓரகத்திதான், அதாவது மாமாவின் தம்பி மனைவிதான், அதிகம் சிரித்தாள். எந்த ஊருக்கு ஷூட்டிங் போகிறாய் என்று வரப்பிலிருந்து கேட்டாள். அத்தை குனிந்து களைக்கொத்தை எடுத்தாள்.

அந்த ஜோடியைக் கொண்டுவந்தவள் நான். சத்தியவேட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைப் பக்கம் போய், ஒரு பூட்ஸ் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். அகலத் தொப்பியும் பெரிய பக்கிளும் போட்டு மாடு ஓட்டுகிறவர்களுக்காக, கடல் தாண்டிப் போகும் பூட்ஸ். இதற்கு ஏன் இவ்வளவு உயரம் என்று ஒருமுறை சூப்பர்வைசரிடம் கேட்டேன். முள்ளுக்கும் பாம்புக்கும் பயந்துதான் என்றார். இதை வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது.

"அந்த ஊர்லயும் பாம்பு கீதா?"

இருக்கிறது என்றேன். கொல்லையில் கண்ணாடி விரியன் கடித்த மாமாவைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், புத்தூர் தாண்டுவதற்குள் உயிர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகும் அதே கொல்லையில்தான் அத்தை வெறுங்காலோடு உழைத்துக்கொண்டிருந்தாள். மறுவாரம், தையல் பிசகியதால் கழித்துப் போட்ட ஒரு ஜோடியைச் சூப்பர்வைசரிடம் கேட்டு, கேட் பாஸ் வாங்கிக் கொண்டுவந்தேன். ஆம்பளை அளவு. அத்தை முன்பக்கம் பழந்துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு வீக்லி ஆஃப் கிடைத்த ஒரு நாள், நானும் களை எடுக்கப் போயிருந்தேன். அத்தை முன்சாலில், ஓரகத்தி அடுத்த சாலில், நான் பின்னால். ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. செடிக்குள்ளிருந்து பாய்ந்த விரியன் அத்தையின் இடது பூட்ஸைக் கவ்விக்கொண்டிருந்தது. ஒரு நொடிதான். பல்லை விடுவித்துக்கொண்டு வேலிப் பக்கம் ஊர்ந்து போய்விட்டது. அத்தை வரப்பில் உட்கார்ந்து பூட்ஸை உருவினாள். காலை நீட்டி, முழங்காலிலிருந்து பாதம் வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் கூட இல்லை. தோலின் மேலே மட்டும், பூத்தையலுக்குப் பக்கத்தில், இரண்டு சின்னப் புள்ளிகள். அவற்றின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று நான் கையைப் பிடித்தேன். அவள் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஓரகத்தி வெறுங்காலோடு, நின்ற இடத்தை விட்டு நகராமல் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அப்டியே நில்லு. நான் முன்ன மிதிச்சிக்கினு போறேன், என் பின்னாலயே வா."

சொன்னபடியே செய்தாள். கையில் ஒரு கோல், காலில் அந்த பூட்ஸ். ஒவ்வொரு செடியாக விலக்கி, தரை அதிர மிதித்து, கொல்லையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனாள். இப்போதுதான் விரியனிடமிருந்து தப்பியவள், வெறுங்கால்காரர்களுக்காக அதே செடிக்குள் போகிறாள். என் கை தைக்கும் பொருளை நான் பிரமித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தையையும்.

இன்றைக்கும் எங்கள் ஊரில் களையெடுப்பு என்றால், அத்தை ஒரு சுற்று மிதித்துவிட்டு வரும்வரை பெண்கள் வரப்பில் காத்திருக்கிறார்கள். சிரிப்பவர்கள் யாருமில்லை. போன மாதம் அடிப்பாகம் தேய்ந்திருப்பதைப் பார்த்து, கம்பெனியில் வேறு ஜோடி கேட்கட்டுமா என்றேன். அத்தை தலையாட்டி மறுத்தாள்.

"எனக்கு இது தாங்கும். அவ காலுக்கு அளவெடு."

பழைய பேப்பரைத் தரையில் விரித்தேன். ஓரகத்தி கூச்சத்தோடு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பித்தவெடிப்பு ஓடிய பாதத்தை அதன் மேல் வைத்தாள். அது அசையாமலிருக்க அத்தை கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, நான் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன்.