இரண்டு விரல் மேடு

அவரை எல்லோரும் 'லெவல்' என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளம் போடுகிறவருக்கே அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது. லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், நகக்கண் அளவு வித்தியாசம் இருந்தாலும் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. விருந்துக்குப் போனால் மேசையை ஒரு கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சுவரில் படம் சாய்ந்திருந்தால் அந்த வீட்டுக்காரர் பேசுவது எதுவும் அவர் காதில் ஏறாது.

"உங்களைச் செஞ்சு முடிச்சவன் மட்டம் பார்க்குற ரசமட்டத்தை உள்ளயே மறந்து வச்சுத் தைச்சுட்டான்" என்பாள் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கிண்டல் அவளுக்குக் கைவந்த கலை.

அந்த டீச்சருக்குத்தான் ஒரு சாதாரணக் காலைப்பொழுதில் இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போனது. தண்டுவடத்தில் வீக்கம் என்றார்கள். ஆஸ்பத்திரி, ஊசி, பயிற்சி என்று எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது சக்கர நாற்காலியும் கூடவே வந்து சேர்ந்தது. முதல் வேலையாக அவர் வீட்டிலுள்ள ஒவ்வொரு வாசற்படியையும் உளியால் செதுக்கித் தரையோடு தரையாக ஆக்கினார். கட்டிலின் கால்களை அறுத்து நாற்காலி மட்டத்துக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. வாசலில் நின்ற கார்தான் சரியாகவில்லை.

அது பழைய சின்னக் கார். இருக்கை உயரம். முதலில் அவளை இரண்டு கையாலும் தூக்கித்தான் உள்ளே வைத்தார். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் அப்படித் தூக்கும்போது அவர் முதுகில் படக்கென்று ஒரு சத்தம். அவளைக் கீழே போடவில்லை, அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே இவங்களைத் தூக்கினீங்கன்னா வீட்டுக்கு ரெண்டாவது நாற்காலி வாங்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு பலகையைக் காட்டினாள். நாற்காலிக்கும் கார் இருக்கைக்கும் நடுவே பாலம் மாதிரி அதைப் போட வேண்டும். கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து போக வேண்டும். லெவல் அன்றைக்கே ஒரு பலகையை இழைத்து, வழுக்கும்படி மெருகேற்றிக் கொண்டுவந்துவிட்டார். காரிலிருந்து இறங்குவது சுலபமாக இருந்தது. ஏறுவதுதான் முடியவில்லை. பலகை மேல்நோக்கிச் சாய்ந்து நின்றது. அவள் பாதிவரை போய், கை நடுங்கி, சறுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். ஒவ்வொரு முறையும் லெவல் அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"கொஞ்சம் விடுங்களேன். நீங்க பிடிக்கிற பிடியில நான் நகரவே முடியல."

"விட்டா விழுந்துடுவ."

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான். அவர் விட்டதே இல்லை. லிஃப்ட் சமமாக நிற்காமல் கதவைத் திறக்கவிடுகிற ஆள் இல்லை அவர்.

நாற்காலியில் மெத்தையை உயர்த்திப் பார்த்தார்கள். இடுப்புப் பிடிமானம் இல்லாததால் அவள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். கார் இருக்கையைத் தாழ்த்தலாமா என்று பார்த்தால் அதற்கு நேர் கீழே பெட்ரோல் டாங்க். காரை விற்றுவிட்டு வேறு வாங்கலாமென்றால், வாங்க வந்தவர்கள் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி போனார்கள். நாற்காலியோடு ஏற்றிக்கொள்ளும் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வர மட்டும்தான் கிடைத்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் உதவிக்கு வந்து அவளைத் தூக்கி வைத்தார். நல்ல மனிதர், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினார். அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

இதற்கு நடுவில் தலைமையாசிரியை போன் செய்தார். "டீச்சர், பள்ளிக்கூடம் திறக்குற அன்னிக்கு நீங்க வந்து நின்னாப் போதும். உங்க வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாத்தி வச்சிருக்கேன். வரலைன்னா அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டுடுவாங்க. என்னால அதுக்கு மேல தடுக்க முடியாது."

போனை வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பும் போய்விட்டால் அவள் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள் என்று லெவலுக்குத் தெரிந்துபோனது. நாற்காலியை உயர்த்த முடியாது, இருக்கையைத் தாழ்த்த முடியாது. அப்படியானால் காரையே தாழ்த்த வேண்டியதுதான்.

தாழ்த்துகிற கடை ஒன்று பட்டறைத் தெருவின் கடைசியில் இருந்தது. அந்தக் கடைக்காரனுக்கு 'தவளை' என்று பெயர். அவன் கைபட்ட கார்கள் எல்லாம் தரையோடு அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வயதுப் பையன்கள் அழகுக்காகச் செய்துகொள்ளும் வேலை அது. நரைத்த மீசையோடு லெவல் உள்ளே நுழைந்ததும் தவளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னண்ணா, இந்த வயசுல ஸ்டைலா?"

"ஆமா. ஆசையா இருக்கு" என்றார் லெவல். மனைவியின் இடுப்பையும் காலையும் பற்றி ஒரு பட்டறையில் நின்று விளக்க அவருக்கு வாய் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை.

தவளை ஒரு டயர் மேல் அவரை உட்கார வைத்தான். "இருக்கிற ஸ்பிரிங்கையே ரெண்டு சுத்து வெட்டி விட்டுடலாம், செலவே கெடையாது. ஆனா ஒவ்வொரு பள்ளத்துக்கும் உங்க முதுகெலும்பை எண்ணிப் பார்த்துடும்."

"அது வேணாம்" என்றார் லெவல், அவசரமாக.

"குட்டை ஸ்பிரிங் மட்டும் வாங்கிப் போடலாம். ஆனா அதுக்குள்ள நிக்கிற ஸ்ட்ரட், அதிர்வு தாங்குற எண்ணெய்க் குழாய், பழசு, நீளம். குட்டை ஸ்பிரிங்ல அது எப்பவும் அமுங்கியே கெடக்கும். கொஞ்ச நாள்ல எண்ணெய் கக்கிட்டுச் செத்துடும். அப்புறம் கார் படகு மாதிரி ஆடும்."

"வேற?"

"திருகி ஏத்தி எறக்குற செட் ஒண்ணு இருக்கு. வேணுங்கிற உயரத்துல நிறுத்திக்கலாம்." விலையைச் சொன்னான். அந்த விலைக்கு லெவலின் காரையே வாங்கிவிடலாம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தவளையே இறங்கி வந்தான். "சரி விடுங்க. குட்டை ஸ்ட்ரட்டும் அதுக்குப் பொருத்தமான ஸ்பிரிங்கும் சேர்த்து வரும், பேர் இல்லாத கம்பெனி, ஆனா உழைக்கும். அதுல ரெண்டு தினுசு. ஒண்ணு மெத்துனு இருக்கும், ரெண்டு விரல் எறங்கும். இன்னொண்ணு நாலு விரல் எறங்கும், ஆனா கல்லு மேல உக்காந்து போற மாதிரி இருக்கும். எவ்வளவு எறக்கணும்னு அளந்துட்டு வந்து சொல்லுங்க. ஒருதடவை மாட்டிட்டா திருப்பி எடுக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அளப்பதைப் பற்றி லெவலுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் சாக்குகளில் மணலைப் பாதிப் பாதி நிரப்பினார். தன் எடைக்கு ஓட்டுநர் இருக்கையில் கொஞ்சம், அவள் எடைக்குப் பக்கத்து இருக்கையின் உள்பக்கமாகக் கொஞ்சம், நாற்காலி எடைக்குப் பின்னால் கொஞ்சம் என்று முதுகு விண்விண் என்று தெறிக்க இழுத்து வைத்தார். வெற்றுக் கூண்டை வைத்து லிஃப்டை யாராவது அளப்பார்களா? பாரம் ஏற்றித்தான் மட்டம் பார்க்க வேண்டும். கயிறு நீளும், ஸ்பிரிங் அமுங்கும். இத்தனை வருஷமாகச் செய்துவந்த வேலை. நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி, பலகையைப் போட்டு, விரலை வைத்துப் பார்த்தார். இரண்டே விரல் மேடு. கல் மாதிரி ஸ்பிரிங் போட்டு அவள் தண்டுவடத்தைக் குலுக்க வேண்டியதில்லை என்று அவருக்கு மனசு குளிர்ந்துபோனது. கையிலிருந்த மிச்சம் மீதி எல்லாவற்றையும் வழித்துக் கொடுத்து மெத்தென்ற செட்டையே மாட்டச் சொன்னார்.

தவளை இழுத்தடித்துப் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சாயங்காலம்தான் காரைக் கொடுத்தான். லெவல் மறுபடியும் மணல் சாக்குகளை ஏற்றி, பலகையைப் போட்டு, மேலே ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. அவளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினார்.

"பாரு, குமிழி அசையுதா பாரு!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் சிரித்தாள். கையில் தெம்பு மிச்சமிருக்கட்டும், நாளைக்கே ஏறிக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமாகப் பேசி முடிவு செய்தார்கள். அவர் சாக்குகளை இறக்கிச் சுவரோரம் சாத்தி வைத்தார்.

காலையில் அவள் இஸ்திரி போட்ட உடையில், மடியில் பையோடு, தயாராக இருந்தாள். அவர் நாற்காலியைக் காரை ஒட்டி நிறுத்தினார். பலகையைப் போட்டார். பலகை மேல்நோக்கிச் சாய்ந்து நின்றது.

அவருக்குப் புரியவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போட்டார். தரையைப் பார்த்தார், டயரில் காற்றைப் பார்த்தார். விரலை வைத்து அளந்தார். இரண்டு விரல் மேடு. நேற்று இல்லாத மேடு ஒரே ராத்திரியில் எங்கிருந்து முளைத்தது?

"பரவால்ல, முயற்சி பண்றேன்" என்றாள் அவள். கையை ஊன்றினாள், நகர்ந்தாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பாதி வந்ததும் அவள் தோள்கள் நடுங்கின. சறுக்கி வந்து நாற்காலியில் மோதினாள். இரண்டாவது முறை முழங்கை காரின் விளிம்பில் உரசித் தோல் கிழிந்தது. உடையில் ரத்தம் பட்டது. அவர் குனிந்து அவள் அக்குளுக்கடியில் கைகொடுத்தார்.

"தூக்காதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "தூக்குனீங்கன்னா நான் இனிமே இந்த வாசலுக்கே வரமாட்டேன். நீங்களும் படுத்துட்டா நம்மளை யாருங்க பார்ப்பா?"

அவர் கையை எடுத்தார். அப்போது சுவரோரம் சாத்தியிருந்த சாக்குகள் அவர் கண்ணில் பட்டன. அவள் ஏறும்போது காரில் யாரும் இருக்கப்போவதில்லை. காலியான கார் ஸ்பிரிங் மேல் நிமிர்ந்துதான் நிற்கும். அவர் அளந்ததோ ஆள் உட்கார்ந்த காரை. லிஃப்ட் புத்தி! பாரம் ஏறிய பிறகு சமமாக நின்று யாருக்கு என்ன லாபம், அவளே ஏறாதபோது?

"தப்பா அளந்துட்டேன்" என்றார். "எல்லாம் நாசம் பண்ணிட்டேன். காசு போச்சு, உன் வேலையும் போச்சு. எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்னு நெனச்சேன், அதுவும் தெரியல."

"விடுங்க. போன் பண்ணி வரலைன்னு சொல்லிடுறேன்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரை உடைத்துப் போட்டது. சுவரைப் பார்க்கும்போது அவளுக்கு வருகிற முகம் இதோ வந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் நிற்கிறதே என்று அவர் விடுவிடுவென்று காரைச் சுற்றிப் போனார். ஓட்டுநர் இருக்கையில் தொப்பென்று விழுந்து, ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படிச் சத்தம் வர அழுததில்லை.

"என்னங்க."

அவர் நிமிரவில்லை.

"என்னங்க, அப்படியே இருங்க. எறங்காதீங்க. பலகையைப் பாருங்க."

பார்த்தார். இருக்கை விளிம்பில் அப்படியே கிடந்த பலகை தாழ்ந்திருந்தது. முழுதாக இல்லை, இரண்டு விரல் ஒரு விரலாகியிருந்தது.

"நேத்து இந்தச் சாக்கெல்லாம் உள்ள இருந்தப்ப சமமா இருந்துச்சுல்ல?" அவள் குரலில் டீச்சர் திரும்பி வந்திருந்தாள். "என் பங்கும் நாற்காலி பங்கும்தானே இப்பக் குறையுது? ரெண்டு சாக்கைப் பின்சீட்டுல இழுத்துப் போடுங்க. மெதுவா, முதுகு பத்திரம். போட்டுட்டு நீங்க உங்க எடத்துல உக்காருங்க."

அவர் சாக்குகளை இழுத்துப் போட்டார். நாற்காலியின் பூட்டை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, பின்னாலேயே நின்றார்.

"உக்காருங்கன்னேன்."

"நான் உள்ள உக்காந்தா உன்னை யார் பிடிக்கிறது?"

"யாரும் வேணாம்."

"விழுந்துட்டா?"

"விழுந்தா விழுறேன். நீங்க வெளிய நின்னு பிடிச்சா கார் நிமிந்து நிக்குது. உள்ள உக்காந்தாத்தான் எனக்கு வழி கெடைக்குது. போய் உக்காருங்க. என்னைப் பார்க்காதீங்க, நீங்க பார்த்தா எனக்குக் கை நடுங்குது. நேரா முன்னாடி பாருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். பலகை இறங்கியது. ரசமட்டம் வைக்காமலே அவருக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பற்றிக்கொண்டு எதிரிலிருந்த சுவரைப் பார்த்தார். பூச்சு பெயர்ந்த சுவர். காதுக்குப் பக்கத்தில் உள்ளங்கை பலகையில் பதிகிற சத்தம் கேட்டது. ஒரு மூச்சு. துணி உரசுகிற சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. விழப்போகிறாள் என்றே அவர் நினைத்தார். கை தன்னால் ஸ்டீயரிங்கை விட்டுக் கிளம்பப் பார்த்தது. அவர் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், திரும்பவில்லை.

மறுபடி ஒரு மூச்சு. பலகை கிறீச்சிட்டது.

அப்போது அவருக்குக் கீழே கார் அசைந்தது. அவள் பக்கமாக மெத்தென்று அமுங்கி, கொஞ்சம் நிமிர்ந்து, நின்றது.

அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணீர் மீசைவரை வந்துவிட்டது.

"பூட்டி வச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றாள் அவள், பக்கத்து இருக்கையிலிருந்து, மூச்சு வாங்க. "எறங்கி நாற்காலியை எடுத்து வைங்க. முதல் பீரியடே எனக்குத்தான்."