கறை போயிடுச்சுங்க

என் மனைவி யார் முகத்தையும் முதலில் பார்க்க மாட்டாள்; சட்டைக் காலரைத்தான் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் என் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். எல்லோரும் கை கழுவி வருவதற்குள் மேசை விரிப்பை உருவிக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டாள். அண்ணி ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. கறை என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், அவளுக்குக் கை சும்மா இருக்காது.

இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ச் சினிமாவில் சேர்த்துவிட்டேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். படப்பிடிப்பில் நான் துணி தேய்க்கிறவன். துவைக்க ஆள் தேவை என்று தெரிந்ததும் காஸ்ட்யூமரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை இவளுக்கு வாங்கினேன். சேர்ந்த வாரமே எல்லோரும் ‘பளிச்சு’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

படம் பெரிய வீட்டுக் கதை. கோடீஸ்வர அண்ணன் ஒருவன் தம்பியைப் பார்த்து வயிறெரிந்து, மாடியிலிருந்து தள்ளிவிடுகிறான். ஓடிப்போய்த் தூக்கும்போது சட்டையில் ரத்தம். அந்த வெள்ளைச் சட்டையை அலமாரியில் ஒளித்துவைத்துவிட்டு நிம்மதியில்லாமல் அலைகிறான்.

வாடகைக்கு எடுத்த பங்களாவில் அன்று கடைசி நாள். சட்டையை ஒளிக்கிற காட்சியைக் காலையில் எடுத்துவிட்டார்கள். அவன் அதை வெளியே எடுக்கிற காட்சி சாப்பாட்டுக்குப் பிறகு. மாற்றுச் சட்டைகள் எல்லாம் பாழாகி, மிச்சம் அந்த ஒன்றுதான். மேக்கப்காரர் படம் வரைகிற மாதிரி வைத்த கறை அது; மறுபடி வைத்தால் அப்படியே வராது.

சாப்பிட்டுவிட்டு வந்தால், தேய்ப்பு மேசையில் வெள்ளைவெளேரென்று ஒரு சட்டை. பக்கத்தில் முகமெல்லாம் சிரிப்பாகப் பளிச்சு. யாரோ அலமாரியில் அழுக்காகப் போட்டு மறந்துவிட்டார்களாம்.

அது என்ன சட்டை என்று நான் சொன்னதும் அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போனால் இரண்டு பேர் வேலையும் சேர்ந்தே போகும். ஓடிவந்த காஸ்ட்யூமர், பங்களா வேலைக்காரர்கள் துவைத்துவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்றார். நான் வெட்கமே இல்லாமல் தலையாட்டினேன். பளிச்சு எழுந்தாள்.

“முதல்ல தேய்ச்சுக் குடுங்க.”

தேய்த்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போனாள். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே நானும் பின்னால் ஓடினேன். அலமாரி முன்னால், அந்த அண்ணனாக நடிக்கும் ஹீரோ நின்றிருந்தார். இயக்குநர் சட்டை எங்கே என்று கேட்டார். மடித்த சட்டையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

“நான்தாங்க தொவச்சேன். கறை போயிடுச்சுங்க.”

கத்துவதற்கு வாயைத் திறந்த இயக்குநர் அப்படியே நின்றார். அவர் பார்வை ஹீரோவின் முகத்தில் இருந்தது. அந்த மனுஷனுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது.

“சார், ஒளிச்சு வச்ச சட்டை தொவச்சு மடிச்சு வந்தா, அவன் அங்கயே செத்துடுவான்,” என்றார் ஹீரோ.

இயக்குநர் துள்ளிக் குதித்தார். கேமராவைத் திருப்பச் சொன்னார், விளக்கை மாற்றச் சொன்னார், பளிச்சை அசையாமல் அங்கேயே நிற்கச் சொன்னார். நாலாபக்கமும் ஆட்கள் பறந்தார்கள். இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்றே தெரியவில்லை. யார் துவைத்தது என்று ஹீரோ கேட்க, பளிச்சு அதையே அதே பயத்தோடு மறுபடி சொன்னாள். ஒரே டேக். அடுத்த படத்துக்கும் அவள் வேண்டும் என்று இயக்குநர் காஸ்ட்யூமரிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

படம் வெளியானதும் அண்ணன் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போனோம். அந்தக் காட்சி வந்தது. அவள் குரல் கேட்டதும் தியேட்டரே மூச்சை அடக்கியது. அண்ணி அண்ணன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பினால், பளிச்சு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“காலர்ல கொஞ்சம் நின்னுடுச்சுங்க. டைரக்டர் பாத்தா வேலை போயிடும்.”

நானும் பார்த்தேன். மெல்லிசாக ஒரு கோடு இருக்கத்தான் செய்தது. திரையில் அந்த அண்ணனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.