லேப்டாப்பில் வந்த விளம்பரம்

மனைவி இறந்த பிறகு, புனேயின் தாபோடிப் பகுதியில் தனியாக இருந்த என்னை மகன் அதே ஊரில் வாகட்டிலுள்ள தன் ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்தான். வீட்டில் நாங்கள் இருவர்தான். லேப்டாப் ஒன்றுதான்.

ஒருமுறை அதில் செருப்பு பார்த்தேன். பிறகு செய்தி படிக்கப் போனாலும் செருப்பு விளம்பரமே வந்தது.

"என்னடா இது, விட மாட்டேங்குது?"

"அது குக்கீஸ்ப்பா. நாம தேடுறத ஞாபகம் வச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும்" என்று சிரித்தான். செட்டிங்ஸில் போய் அதை அழிக்கவும் சொல்லிக்கொடுத்தான்.

நான் குளியலறையில் வழுக்கி விழுந்த அடுத்த வாரம், செய்திக்கு நடுவே புனே முதியோர் இல்லம் ஒன்றின் விளம்பரம் வந்தது. மறுநாளும் வந்தது. நான் அதைத் தேடவில்லை.

குக்கீஸை அழித்துவிடத்தான் கை போனது. ஆனால் என்னிடம் கேட்க வாய் வராமல் எத்தனை நாள் தவித்திருப்பான் என்று நினைத்ததும் நிறுத்திவிட்டேன். தட்டுத் தடுமாறி நானே தேடினேன்: 'தமிழ் பேசுபவர்கள் இருக்கும் முதியோர் இல்லம், புனே.'

மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தவன் வெகு நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"டீ போடட்டுமாப்பா?"

"போடுப்பா."

சர்க்கரை போட மறந்திருந்தான். நானும் சொல்லாமல் குடித்தேன்.

அந்த விளம்பரத்தைப் பற்றி இன்றுவரை இருவரும் வாய் திறந்ததில்லை. நான் இப்போது இருக்கும் இல்லத்தில் தமிழ் பேச இரண்டு பேர் இருக்கிறார்கள். பாவம், எங்கெல்லாம் தேடினானோ.